பெரும்பாடு

தமிழ்ச் சினிமாவில் நாம் எத்தனையோ தடவை பார்த்து அழுத காட்சி ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி வராந்தா, மூடிய கதவு, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதாநாயகன் உலாத்துகிறான். மூலையில் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்கிறாள். கதவு திறக்கிறது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபடியே வெளியே வந்து, "தாய், குழந்தை, இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும்" என்கிறார். கொட்டகையில் விசும்பல் கேட்கிறது. யாருக்காக அந்த விசும்பல்? வராந்தாவில் நிற்கிறவனுக்காக. உள்ளே படுத்துக் கிடக்கிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவரில் யார் பிழைக்க வேண்டும் என்ற கேள்விகூட அவளிடம் போகவில்லை, வராந்தாவுக்குத்தான் வருகிறது.

சினிமாவைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம்முடைய சிறுகதையும் நாவலும்கூட, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்த வராந்தாவில்தான் நின்றுகொண்டிருக்கின்றன. கதாநாயகனுக்குக் காசநோய் வந்தால் அவன் இருமுகிற ஒவ்வொரு இருமலையும் எழுதுவோம். கைக்குட்டையில் விழும் ரத்தப் பொட்டை வர்ணிப்போம். மனைவிக்குக் கருப்பையில் நோய் வந்தால், "அவள் சில காலமாகவே உடம்பு சரியில்லாமல் இருந்தாள்" என்று ஒரு வரி. அடுத்த அத்தியாயத்தில் சுவரில் மாலை போட்ட படம்.

இதை நான் சொன்னால், "கலைக்கு ஏற்ற பொருள் என்று ஒன்று இல்லையா அம்மா?" என்று கேட்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகாசிரியர் என் கதை ஒன்றைத் திருப்பி அனுப்பினார். மாதத்தில் பதினைந்து நாள் உதிரப் போக்கோடு இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஒரு பெண்ணின் கதை அது. "நடை அருமை. ஆனால் எங்கள் பத்திரிகையைக் குடும்பத்தில் எல்லோரும் படிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். அந்த வாரத்து இதழைப் புரட்டிப் பார்த்தேன். சரித்திரத் தொடர்கதையில் மூன்று தலைகள் உருண்டிருந்தன. ஒரு யானையின் கால் ரத்தச் சேற்றில் வழுக்கியது. ஆக, ரத்தம் குடும்பத்துக்கு ஆகாது என்பதில்லை. வாளிலிருந்து சொட்டினால் அது வீரம். பெண்ணிடமிருந்து சொட்டினால் அது ஆபாசம். அந்தக் குடும்பம் எது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரைக் கேட்கத் தோன்றியது. எந்தக் குடும்பத்தில் இந்த நோய் இல்லை? நோய் வீட்டுக்குள் இருக்கலாம். நோயைப் பற்றிய கதை மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாதாம்!

"நம் பண்பாடு இதையெல்லாம் பேசாத பண்பாடு" என்பது அடுத்த வாதம். இதைச் சொல்கிறவர்கள் நம் பண்பாட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. திருச்சி மலைக்கோட்டையில் இருக்கிற சுவாமியின் பெயர் என்ன? தாயுமானவர். ஏன் அந்தப் பெயர்? இரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வேளை வந்தது. அவள் தாயார் காவிரி வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். ஈசன் அந்தத் தாயாரின் உருவம் எடுத்து வந்து பிள்ளைப்பேறு பார்த்தான். இதுதானே கதை? நம் சினிமாக் காமிரா நுழையக் கூசுகிற அறைக்குள் கடவுளே மருத்துவச்சியாக நுழைந்திருக்கிறார். தஞ்சைப் பக்கம் திருக்கருகாவூருக்குப் போனால், முனிபத்தினி ஒருத்தியின் கலைந்த கருவை அம்பாள் குடத்தில் வைத்துக் காத்த கதையைச் சொல்லுவார்கள். கரு கலைவதைப் பற்றி ஒரு ஸ்தல புராணமே செய்த ஜனங்கள் நாம். கூச்சம் பழையதல்ல, நடுவிலே வந்து ஒட்டிக்கொண்ட சரக்கு.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதைகளில் எல்லாம் பிள்ளை பிறந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. புறநானூற்றில் காவற்பெண்டு என்ற பெண்பாற் புலவர் பாடிய ஒரு சிறு பாட்டு உண்டு. மகன் எங்கே என்று கேட்டவளிடம் ஒரு தாய், போர்க்களத்தில் பார் என்கிறாள். தன் வயிற்றைப் புலி தங்கிப் போன குகைக்கு ஒப்பிடுகிறாள். எவ்வளவு கம்பீரம்! ஆயினும் அந்தக் கம்பீரம் முழுவதும் புலியைச் சேர்ந்தது. குகைக்கு வலி எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி பாட்டில் எழவில்லை. இரண்டாயிரம் வருஷமாக நாம் வயிற்றைப் பாடியிருக்கிறோம். பத்து மாதம் சுமந்ததைப் பாடியிருக்கிறோம். குடியிருந்தவன் போன பிறகு வீட்டின் கதி என்ன என்பதை மட்டும் பாடவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் முதலில் மொழியில் தெரிகிறது. பெண்ணின் மாத விலக்கைக் குறிக்க நம்மிடம் எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். தூரம், வீட்டுக்கு விலக்கு, வெளியே, ஒதுக்கம். எல்லாம் அவள் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்லும் சொற்கள். அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல இவற்றில் ஒன்றாவது உதவுமா? இடத்தைக் குறிக்க இத்தனை சொற்களைப் படைத்துக்கொண்ட சமூகம் வலியைக் குறிக்க "வயிற்று வலி" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது. சூடு பிடித்த வயிற்றுக்கும் அதே சொல்தான். கருப்பைக் கட்டிக்கும் அதே சொல்தான்.

தர்மாஸ்பத்திரியில் புறநோயாளி வரிசையில் போய் ஒரு நாள் நின்று பாருங்கள். டாக்டரம்மாவுக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம். "என்னம்மா உனக்கு?" "வயித்து வலிங்க." "எத்தனை நாளா?" "கொஞ்ச நாளா." பக்கத்தில் புருஷன் நிற்கிறான், பின்னால் இருபது பேர். அந்தக் "கொஞ்ச நாள்" நாலு வருஷமாக இருக்கும். சீட்டில் ஒரு மாத்திரை எழுதப்படும். டாக்டரம்மாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. சொல் கிடைக்காதவளிடமிருந்து நோயை எப்படி வாங்குவது? அவளுக்குச் சொல்லைக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் யார்? சொல்லை விற்றுப் பிழைக்கிற நாம்தானே?

இப்போது ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். கதைக்காரி கணக்குச் சொல்லக் கூடாது என்று சட்டம் இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயால் 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறக்குறைய 80,000 பெண்கள் இறந்தார்கள் என்பது உலக அளவிலான மதிப்பீடு. முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுத்துவிடக்கூடிய நோய் இது. கண்டுபிடிக்க என்ன வேண்டும்? திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-க்கும் 2003-க்கும் இடையே ஒரு பெரிய சோதனை நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள், ஒரு விளக்கு, கொஞ்சம் அசெட்டிக் அமிலம். அதாவது, ஊறுகாய்க்குப் போடுகிற வினிகரின் சத்து. அதைக் கருப்பைவாயில் தடவினால் கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான் வித்தை. ஒரே ஒரு தடவை பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்ததில், பரிசோதனை நடந்த கிராமங்களில் இந்த நோய் வருவது நூற்றுக்கு 25 பங்கும் இதனால் சாவது 35 பங்கும் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியாயிற்று.

நம் ஊரில் நடந்த பெரிய காரியம் இது. அந்தக் கணக்கிலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது. அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். மீதிப் பதினெட்டாயிரம் பேர் வரவில்லை. ஒரு நாள் கூலி போகுமே என்று வராதவர்கள் இருப்பார்கள். கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று வராதவர்கள் இருப்பார்கள். "எனக்கு என்ன வந்தது? நான் என்ன கெட்டுப் போனவளா?" என்று கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள் என்பதை, கிராமத்துப் பெண்களோடு பழகியவர் எவரும் மறுக்கமாட்டார். அந்தக் கடைசிக் கதவைத் திறக்க நர்ஸால் முடியாது. சர்க்காரின் துண்டுப் பிரசுரத்தால் முடியாது. திண்ணையில் உட்கார்ந்து, "என் நாத்தனாருக்கும் இப்படித்தான் இருந்தது, கேள்" என்று ஆரம்பிக்கிற ஒருத்தியால் முடியும். அவள் சொல்வதற்குப் பெயர்தான் கதை.

தொழிற்சாலைக்குள் வாருங்கள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாத விலக்கு வலியென்று சொன்ன பெண்களுக்கு மேற்பார்வையாளர்கள் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து மெஷினில் உட்கார வைத்தார்கள் என்று 2019-இல் செய்தி வந்தது. ஏறக்குறைய நூறு பெண்களிடம் பேசி எழுதிய செய்தி. அதே 2019-இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து இன்னொரு செய்தி: கரும்பு வெட்டப் போகும் ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதத்தில் மூன்று நாள் உடம்பு முடியாவிட்டால் அபராதம். கூலிக் கணக்கில் கருப்பை ஒரு நஷ்டப் பத்தியாக ஆகிவிட்டது, பத்தியை அடித்துவிட்டார்கள். செய்திகள் ஒரு வாரம் பரபரப்பாக ஓடின; கமிட்டி போட்டார்கள்; மறந்தோம். செய்தி மறந்துபோகும். அந்த மாத்திரையை விழுங்கிய பெண்ணுக்கு ஊர், அம்மா, தீபாவளிக்கு வாங்கப்போகிற புடவை என்று ஒரு வாழ்க்கை கொடுத்து ஒரு நாவல் எழுதியிருந்தால் மறந்திருப்போமா?

"இதுதான் பிரசாரம்!" என்று கலா ரசிகர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். சுகாதார இலாகா செய்ய வேண்டிய வேலையை இலக்கியத்தின் தலையில் கட்டுகிறாயே என்பார்கள். சுகாதார இலாகாவின் பிரசுரம் "பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும். அது நல்ல வேலை. வலியோடு ஒரு பெண் எப்படிப் பகலைக் கழித்தாள் என்பதை அது சொல்லாது. சொல்லவும் கூடாது, அது அதன் தொழில் அல்ல. அதைச் சொல்வது நம் தொழில். நம் தொழிலை நாம் செய்வதைப் பிரசாரம் என்றால், காசநோய்க் கதைகள் எல்லாம் க்ஷயரோக ஒழிப்புப் பிரசாரம்தானா?

இங்கிலாந்தில் ஹிலாரி மான்ட்டெல் என்று ஒரு நாவலாசிரியை இருந்தார். 2009-இலும் 2012-இலும் புக்கர் பரிசு பெற்றவர், 2022-இல் காலமானார். கல்லூரிப் பருவத்திலேயே அவருக்குத் தாங்க முடியாத வலி. டாக்டர்கள் அது மனக்கோளாறு என்றார்கள். மனநோய்க்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். ஒரு டாக்டர், எழுதுவதை விட்டுவிடு என்றார். கடைசியில் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவில் வசித்தபோது வைத்தியப் பாடப்புத்தகத்தைத் தாமே படித்துத் தம் நோயைக் கண்டுபிடித்தார். எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பையின் உட்பூச்சைப் போன்ற சதை கருப்பைக்கு வெளியே வளர்ந்து ஒவ்வொரு மாதமும் வதைக்கிற நோய். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 27 வயதில் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்தார்கள். இதையெல்லாம் 2003-இல் தம் சுயசரிதையில் எழுதினார். உலகத்தில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் தொடங்கியதற்கும் அதன் பெயர் தெரிவதற்கும் இடையே ஏழெட்டு வருஷம் கழிவது இன்றும் சாதாரணம். பத்தில் ஒருவர்! நம் நாவல்களில் எத்தனை கதாநாயகிகள் உலவுகிறார்கள்! பத்தில் ஒருத்திக்கு வேண்டாம், நூற்றில் ஒருத்திக்காவது இது வந்திருக்கிறதா?

எழுதாதே என்ற மருந்துச் சீட்டு மான்ட்டெலுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற எழுத்தாளருக்குப் பிரசவத்துக்குப் பின் மனம் தளர்ந்துபோயிற்று. 1887-இல் வியர் மிட்செல் என்ற புகழ்பெற்ற டாக்டர் அவருக்கு விதித்த பத்தியம் என்ன தெரியுமா? படுத்துக் கிட, வீட்டு வேலையைப் பார், பேனாவைத் தொடாதே. அந்தப் பத்தியம் அவரைப் பைத்தியத்தின் விளிம்புவரை கொண்டுபோயிற்று. அவர் பேனாவைத் தொட்டார். 1892-இல் வெளிவந்த "மஞ்சள் சுவர்க்காகிதம்" என்ற சிறுகதை பிறந்தது. அந்த டாக்டரின் பத்தியத்துக்கும், குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது என்ற பத்திரிகாசிரியரின் கடிதத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒரே மருந்துக் கடைச் சரக்கு.

சித்திரத்துக்கு வருவோம். மெக்ஸிகோவின் ஃப்ரீடா காலோவுக்கு 1932-இல் டெட்ராய்ட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கரு கலைந்தது. அந்த வருஷமே அதை வரைந்தார். ஒரு முழச் சதுரத்துக்குள் அடங்குகிற தகரத் தகட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில். அதன் மேல் தாமே, உடையின்றி, வெள்ளை விரிப்பில் ரத்தத்தோடு. கன்னத்தில் பெரிய கண்ணீர்த் துளி. கையிலிருந்து ஆறு சிவப்பு நாடாக்கள் கிளம்பி, கலைந்த சிசு, இடுப்பெலும்பு, நத்தை, இயந்திரம் என்று ஆறு பொருள்களைக் கட்டியிருக்கின்றன. தொலைவில், புகைபோக்கிகளோடு தொழிற்சாலை. தகட்டில் ஏன் வரைந்தார்? மெக்ஸிகோவில் ஜனங்கள் ஆபத்திலிருந்து தப்பினால் அதைச் சிறு தகட்டில் வரைந்து கோயிலில் காணிக்கையாக வைப்பார்கள். அந்த மரபு அது. நமக்குப் புரியாததா? சமயபுரத்திலும் வேளாங்கண்ணியிலும் கண், கை, கால், தொட்டில் என்று தகடு வாங்கிச் செலுத்துகிறவர்கள்தானே நாம்! அந்தக் கடைகளில் கருப்பைக்கு ஒரு தகடு நான் பார்த்ததில்லை. தொட்டில் இருக்கிறது; தொட்டில் வேண்டாம், வலி நின்றால் போதும் என்று வேண்டிக்கொள்கிறவள் எதை வாங்குவாள்?

ஆனால் எழுதினால் போதும், வரைந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. யார் எழுதுகிறார், யாருடைய பக்கத்தில் நின்று எழுதுகிறார் என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு கலைப்படைப்புகளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து மான்ட்கோமரியில் மரியன் சிம்ஸ் என்று ஒரு டாக்டர். பெண்நோய் மருத்துவத்தின் தந்தை என்று வெகுகாலம் பாடப்பட்டவர். பிரசவ வேதனை நாட்கணக்கில் நீண்டுவிட்டால் உள்ளே சதை அழுகித் துவாரம் விழும். சிறுநீர் ஓயாமல் கசியும். அதைத் தைத்து மூடும் முறையை அவர் 1840-களில் கண்டுபிடித்தார். எப்படிக் கண்டுபிடித்தார்? அடிமைகளாக இருந்த கறுப்புப் பெண்கள்மேல், மயக்க மருந்து இல்லாமல், திரும்பத் திரும்ப அறுத்துத் தைத்து. அனார்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் முப்பது தடவை. லூசி, பெட்சி என்று இன்னும் இரண்டு பேரின் பெயர் தெரியும். மற்றவர்களின் பெயர்கூட மிஞ்சவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை.

1950-களில் ஓர் அமெரிக்க மருந்துக் கம்பெனி வைத்திய சரித்திரத்தைச் சித்திரங்களாக வரையச் செய்தது. ராபர்ட் தாம் வரைந்த சிம்ஸின் படம் அதில் ஒன்று. கோட்டு அணிந்த டாக்டர் கம்பீரமாக நிற்கிறார். மேஜைமேல் ஒரு கறுப்புப் பெண், சுத்தமான உடையில், பணிவாக மண்டியிட்டிருக்கிறாள். திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. பார்ப்பதற்கு லட்சணமான படம்! குடும்பத்தில் எல்லோரும் பார்க்கலாம்!

2018-இல் நியூயார்க்கின் மையப் பூங்காவிலிருந்து சிம்ஸின் சிலை அகற்றப்பட்டது. 2021-இல் அதே மான்ட்கோமரியில் மிஷெல் பிரௌடர் என்ற கலைஞர் அனார்கா, லூசி, பெட்சி மூவருக்கும் சிலைகள் வைத்தார். எறிந்துவிட்ட உலோகத் துண்டுகளைப் பொறுக்கிப் பற்றவைத்துச் செய்த, ஆளைவிட உயரமான சிலைகள். அங்கே டாக்டர் இல்லை. மேஜையும் இல்லை. மூன்று பெண்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

கலை ஒரு நாளும் ஒதுங்கி இருந்ததில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நாம் பேசாமல் இருந்தால் அந்த இடம் காலியாக இருக்காது. மருந்துக் கம்பெனியின் சித்திரக்காரர் வந்து நிரப்பிவிட்டுப் போவார். நம் ஊரிலும் ஒருத்தி பேசிப் பார்த்தாள். குட்டி ரேவதி, சித்த மருத்துவம் படித்தவர், 2002-இல் ஒரு கவிதைத் தொகுதிக்கு "முலைகள்" என்று பெயர் வைத்தார். என்ன கூச்சல்! உடம்பின் ஓர் உறுப்பைப் பெயர் சொல்லி அழைத்ததற்கு இத்தனை கோபம் என்றால், அந்த உறுப்பில் கட்டி வந்தவள் யாரிடம் போய் வாயைத் திறப்பாள்?

எழுதப் போகிற தோழர்களுக்கு, ஆண்களுக்கும் சேர்த்துத்தான், மூன்று வார்த்தை. நோயை அவள் செய்த பாவத்துக்குச் சம்பளமாகக் காட்டாதீர்கள். ஒழுக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாதவர்களுக்கும் கருப்பைவாயில் புற்று வருகிறது. கதாநாயகன் அழுவதற்காக அவளைச் சாகடிக்காதீர்கள். அவன் அழுதது போதும். டாக்டரைத் தெய்வமாகவோ அரக்கனாகவோ ஆக்கிக் கதையை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அது மறுபடியும் சிம்ஸின் படம்தான். அவள் சொல்லட்டும். இழுத்து இழுத்துச் சொல்லட்டும், அழுக்கும் நாற்றமும் எரிச்சலும் நடுநடுவே சிரிப்புமாகச் சொல்லட்டும்.

பழைய வைத்தியத் தமிழில் அளவுக்கு மீறிய உதிரப் போக்குக்குப் பெரும்பாடு என்று பெயர். "இந்த வேலையை முடிப்பதற்குள் பெரும்பாடு பட்டுவிட்டேன்" என்று ஆண்களும் தினம் சொல்லுகிறார்களே, அதே சொல்தான். விவிலியத்தின் தமிழும் இந்தச் சொல்லைக் கைக்கொண்டது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டால் வருந்திய ஒருத்தி வருகிறாள். வைத்தியர்களிடம் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தாள். நோய் அதிகமாயிற்றே தவிரக் குறையவில்லை. கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் பின்னால் வந்து இயேசுவின் ஆடையைத் தொட்டாள், குணமாயிற்று. மதத்தை விடுங்கள், கதையைக் கவனியுங்கள். அதோடு முடித்திருக்கலாம் அல்லவா? நோய் தீர்ந்தது, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போ என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. நின்றார், என்னைத் தொட்டது யார் என்று கேட்டார். நடுங்கிக்கொண்டே அவள் முன்னால் வந்து, அத்தனை ஜனத்துக்கு நடுவில், உண்மை முழுவதையும் சொன்னாள். கேட்ட பிறகுதான் அவளை மகளே என்று அழைத்து அனுப்பினார்.

பன்னிரண்டு வருஷக் கதை அது. கூட்டத்தை நிறுத்திவைத்து அதைக் கேட்க ஒருவருக்கு நேரம் இருந்தது. நம் பத்திரிகைகளுக்கு மட்டும் நாலு பக்கம் இல்லையா?